தோற்கத் தோற்க இரட்டித்து வைத்தால் பிளாக்ஜாக்கில் கசினோவை வெல்ல முடியுமா?

விசுவமடுப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கொழும்பில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் அவருக்கு பிளாக்ஜாக் என்ற கசினோச் சீட்டாட்டத்தை ஆட ஒரு முறை சொல்லிக் கொடுத்திருக்கிறார். 500 ரூபாவில் தொடங்க வேண்டும். தோற்றால் அடுத்த கைக்கு, அதாவது அடுத்த ஆட்டத்துக்கு, 1,000, பிறகு 2,000, 4,000 என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். எப்போது ஒரு கை வெல்கிறோமோ, அப்போது விட்டதெல்லாம் திரும்பி வந்து மேலே 500 ரூபா லாபமும் நிற்கும். மறுபடி 500 இலிருந்து தொடக்கம். தம்பி இதைப் போனில் காசில்லாத விளையாட்டாகப் பல மாலைகள் ஆடிப் பார்த்திருக்கிறார். அநேகமாக எல்லா நாளும் வெற்றி. பெரும்போக நெல் விற்ற காசில் ஒன்றரை லட்சம் கையில் இருக்கிறது, அடுத்த விதைப்புக்கு இன்னும் மாதங்கள் கிடக்கின்றன. அதுவரை இந்தக் காசைப் புரட்டி எடுக்கலாமா என்கிறார். தோற்கும்போது ஏற்றுவது பிழை என்றால், வெல்லும்போது ஏற்றுகிற முறைகளாவது சரிவருமா என்றும் கேட்கிறார்.

சரிவராது தம்பி. இரண்டுமே சரிவராது. நான் முள்ளியவளையில் பிறந்து, லண்டனில் பல வருடம் கசினோ மேசைக்குப் பின்னால் சீட்டுப் போடும் டீலராக நின்றவன். இரட்டித்து வைக்கிற ஆட்கள் என் மேசைக்கு வராத கிழமை இல்லை. ஆனால் என் அனுபவத்தை நம்பச் சொல்லவில்லை. கணக்கு இருக்கிறது, நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

கசினோ எங்கே உழைக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். பிளாக்ஜாக்கில் நீங்கள் டீலரோடு மோதுகிறீர்கள்; சீட்டுகளின் மதிப்பைக் கூட்டி, 21ஐத் தாண்டாமல் அதற்குக் கிட்டப் போகிறவருக்கு வெற்றி. இதில் டீலருக்குச் சொந்தப் புத்தி கிடையாது. கையில் 16 வரைக்கும் இருந்தால் இன்னொரு சீட்டு எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நிற்க வேண்டும். முடிவெடுக்கும் சுதந்திரம் எல்லாம் ஆடுபவருக்குத்தான். எடுக்கலாம், நிற்கலாம், நல்ல கை என்றால் பந்தயத்தை டபுள் செய்யலாம், சோடி வந்தால் இரண்டு கையாகப் பிரித்து ஸ்பிளிட் செய்யலாம். முதல் இரண்டு சீட்டிலேயே ஆசும் பத்தும் வந்தால் அந்தக் கைக்கும் பிளாக்ஜாக் என்றுதான் பெயர், அதற்கு ஒன்றரை மடங்கு கிடைக்கும். இவ்வளவையும் கொடுத்துவிட்டும் கசினோ லாபத்தில் நிற்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: நீங்கள் முதலில் ஆடுகிறீர்கள். 21ஐத் தாண்டினால் உங்கள் காசு அந்த இடத்திலேயே போய்விடும். பிறகு டீலரும் தாண்டினாலும் அது திரும்பி வராது. டீலர் நூறு கையில் சுமார் 28 கையில் தாண்டுகிறார். இரண்டு பேருமே தாண்டுகிற அந்தக் கைகளில்தான் கசினோவின் சம்பளம் இருக்கிறது.

எந்தக் கைக்கு எடுப்பது, எதற்கு நிற்பது, எதை டபுள் செய்வது என்பதற்குச் சரியான விடை உண்டு. அமெரிக்க இராணுவத்தில் இருந்த நான்கு இளைஞர்கள் மேசைக் கணிப்பான்களைத் தட்டித் தட்டி அந்த விடையைக் கண்டுபிடித்து 1956 இல் ஒரு புள்ளிவிபரவியல் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். இன்றைக்கு அதைத்தான் அடிப்படை உத்தி என்கிறோம். ஒரு அட்டையில் அடங்கிவிடும், யாரும் பாடமாக்கலாம். நல்ல விதிகள் உள்ள மேசையில் அதைப் பிசகாமல் ஆடினால் கசினோவின் மேல்கை நூற்றுக்கு அரை அளவுக்குக் குறையும். அதாவது மேசையில் வைக்கும் ஒவ்வொரு 100 ரூபாவுக்கும் நீண்டகாலச் சராசரியில் 50 சதம் போகும். மனம்போன போக்கில் ஆடுபவருக்கு அது 2 ரூபா அளவுக்கு ஏறும். கசினோ விளையாட்டுகளில் இவ்வளவு மலிவானது அபூர்வம் என்பது உண்மைதான். மலிவு என்பதால்தான் ‘இன்னும் கொஞ்சம் தள்ளினால் நம் பக்கம் சாயும்’ என்ற ஆசை பிளாக்ஜாக்கில் வருகிறது.

சரி, இப்போது உங்கள் நண்பரின் முறை.

கணக்கு விளங்குவதற்காக கசினோவை ஒரு நிமிடம் மறந்துவிட்டு, யாருக்கும் மேல்கை இல்லாத பூவா தலையா ஆடுவோம். 500 இல் தொடங்கி வெல்லும் வரையோ காசு முடியும் வரையோ போவதை ஒரு தொடர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500, 1,000, 2,000, 4,000, 8,000, 16,000, 32,000, 64,000. எட்டுப் பந்தயம், மொத்தம் 127,500 ரூபா. ஒன்பதாவதுக்கு 128,000 வேண்டும். உங்களிடம் மிஞ்சியிருப்பது 22,500. ஆகவே எட்டும் தொடர்ந்து தோற்றால் கதை முடிந்தது. நாணயம் எட்டுத் தடவை தொடர்ந்து எதிராக விழும் வாய்ப்பு 256 இல் 1. அப்படியென்றால் 256 தொடரில் 255 தொடர் 500 ரூபா வீதம் வெல்வீர்கள். 255ஐ 500 ஆல் பெருக்கினால் 127,500. மிச்சமுள்ள அந்த ஒரு தொடரில் விடுவது எவ்வளவு? அதுவும் 127,500. ஒரு சதம் கூடவில்லை, குறையவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். யாருக்கும் மேல்கை இல்லாத விளையாட்டிலேயே இரட்டிப்பு ஒரு சதமும் சம்பாதித்துத் தரவில்லை. அது செய்தது ஒன்றுதான். தோல்வியை எல்லாம் கூட்டி அள்ளி ஒரே நாளுக்குள் போட்டுவிட்டு, மற்ற நாட்களுக்கு வெற்றியைச் சில்லறையாகப் பிரித்துக் கொடுத்தது. எட்டுக்குப் பதில் பன்னிரண்டு தடவை இரட்டிக்கக் காசு இருந்தாலும் இதே கதைதான். விழும் நாள் தள்ளிப்போகும், விழும்போது பள்ளம் அந்த அளவுக்கு ஆழமாகும்.

இனி உண்மையான பிளாக்ஜாக். அடிப்படை உத்தியில் ஆடினால் நூறு கையில் சுமார் 43 வெற்றி, 48 தோல்வி, 9 சமன். சமனை விட்டுவிட்டுப் பார்த்தால் ஒரு கை தோற்கும் வாய்ப்பு நூற்றுக்கு 52½ அளவு. பாதியிலிருந்து பெரிதாக விலகவில்லை என்று தோன்றும். ஆனால் எட்டுத் தடவை பெருக்கும்போது அந்த இரண்டரை, 256 இல் 1 ஆக இருந்ததை ஏறக்குறைய 173 இல் 1 ஆக்கிவிடுகிறது. 172 தொடர் வென்று சேர்ப்பது 86,000. ஒரு தொடர் தோற்று விடுவது 127,500. ஒன்றரை மடங்கு கிடைக்கும் கைகளும், வென்ற டபுள்களும் இந்த இடைவெளியில் பெரும் பங்கை நிரப்பித் தரும் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் கணக்கைக் கூட்டிக் காட்டியதாகிவிடும். ஆனால் முழுவதையும் நிரப்பாது. நிரப்பாமல் விடுவதுதான் மேலே சொன்ன அந்த நூற்றுக்கு அரை.

அந்த அரை எதன் மேல் விழுகிறது என்பதைத்தான் அநேகமானவர்கள் கவனிப்பதில்லை. ‘நான் 500 ரூபா ஆட்டக்காரன்’ என்று நினைத்துக்கொண்டு இருப்பீர்கள். இரட்டித்து ஆடும்போது ஒரு கைக்கு நீங்கள் வைக்கும் சராசரிப் பந்தயத்தைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 2,280 ரூபா வருகிறது. 173 தொடர் என்பது சுமார் 400 கை. அந்த 400 கையில் நீங்கள் மேசையில் தள்ளிய காசு மொத்தமாக 8 லட்சத்தைத் தாண்டும், அதற்கான கட்டணம் சராசரியாக 4,000 ரூபாவுக்கு மேல். அதே 400 கையையும் ஒரே மாதிரி 500 வைத்து ஆடியிருந்தால் மேசையில் போனது 2 லட்சம், கட்டணம் 1,000. முறை என்று சொல்லிச் செய்தது கசினோவுக்கு நான்கு மடங்கு வாடகை கட்டியதுதான். 500 வைத்து ஆடுபவர் அந்த 400 கையின் முடிவில் அநேகமாக 12,000 ரூபா முன்னே பின்னே நிற்பார். இரட்டித்தவர் ஒன்றில் எண்பத்தைந்தாயிரத்துக்கு மேல் லாபத்தில் நிற்பார், இல்லையென்றால் ஒரே தொடரில் 127,500 ஐ விட்டுவிட்டு பஸ் பிடிப்பார்.

பிளாக்ஜாக்குக்கே உரிய இன்னொரு பொறி இதில் இருக்கிறது. சக்கரம் சுற்றும் ரூலெட் ஆட்டத்தில் இரட்டிப்பவருக்கு இது இல்லை. அடிப்படை உத்தியின் அந்த நூற்றுக்கு அரை எதை நம்பியிருக்கிறது என்றால், டபுளும் ஸ்பிளிட்டும் செய்ய வேண்டிய இடத்தில் தயங்காமல் செய்வதை. ஏழு தோல்விக்குப் பிறகு எட்டாவது கைக்கு 64,000 வைத்துவிட்டீர்கள், கையில் 22,500 மிச்சம். உங்களுக்கு 11 வருகிறது, டீலர் காட்டுவது 6. ஆட்டத்திலேயே மிக நல்ல இடங்களில் ஒன்று இது, கண்ணை மூடிக்கொண்டு டபுள் செய்ய வேண்டும். அதற்கு இன்னொரு 64,000 எங்கே? இல்லை. ஆகவே பந்தயம் மிகப் பெரிதாக இருக்கும் கையிலேயே உங்கள் கை கட்டப்பட்டுவிடுகிறது, கசினோவின் மேல்கை கூடுகிறது. சரி, கொஞ்சம் முன்னுக்கு டபுள் செய்தீர்கள் என்று வையுங்கள். ஆறாவது கையில் 16,000 வைத்திருக்கும்போது டபுள் செய்து தோற்றால் போனது 32,000. அதுவரை விட்ட 15,500 ஐயும் சேர்த்தால் 47,500. மீட்பதற்கு அடுத்தது 48,000. அதுவும் போனால் மொத்தம் 95,500. அடுத்ததுக்கு 96,000 வேண்டும், கையில் இருப்பது 54,500. எட்டுப் படி ஏறலாம் என்று நம்பி வந்தவருக்கு ஏழிலேயே ஏணி முடிந்துவிட்டது.

மேசையின் உச்ச எல்லையைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள், அதனால் நான் சுருக்கமாகவே சொல்கிறேன். குறைந்தது 500, கூடியது 50,000 என்று ஒரு மேசை இருந்தால் ஏழாவது பந்தயம் 32,000 உடன் இரட்டிப்பு நின்றுவிடும். ‘எல்லை இல்லாவிட்டால் கசினோவைக் கவிழ்த்துவிடலாம், அதற்குப் பயந்துதான் எல்லை வைக்கிறார்கள்’ என்று ஒரு கதை உண்டு. எல்லையை எடுத்துவிட்டாலும் இருபது தோல்விக்குப் பிறகு நீங்கள் வைக்க வேண்டியது 52 கோடி ரூபாவுக்கு மேல். அதை வைத்து வெல்லப்போவது 500. அவ்வளவு காசு உள்ளவர் 500 ரூபாவுக்காக மினக்கெடமாட்டார்.

அப்படியானால் போனில் ஏன் அநேகமாக ஒவ்வொரு மாலையும் வென்றீர்கள்? அதுதான் இந்த முறையின் மாயம். ஒரு மாலைக்கு 100 கை ஆடினால், எட்டுத் தொடர் தோல்வி வராமல் எழும்பும் வாய்ப்பு நான்கில் மூன்றுக்கும் கொஞ்சம் கூட. எழும்பும்போது இருபதாயிரத்துக்கு மேல் லாபம் காட்டும். 400 கை என்று எடுத்தாலும்கூட, பத்துப் பேர் ஆடினால் மூன்று நான்கு பேர் அந்த எட்டைச் சந்திக்காமலே வெளியே வருவார்கள். அவர்கள்தான் ஊருக்குத் திரும்பி வந்து கதைப்பார்கள். மற்ற ஆறேழு பேர் வாய் திறக்கமாட்டார்கள். உங்களுக்கு முறை சொல்லித் தந்த நண்பர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவர் இன்னும் அந்த மூன்று நான்கு பேருக்குள் நிற்கிறார், அவ்வளவுதான். வேகத்தையும் பாருங்கள். ஆட்கள் நிறைந்த மேசையில் மணித்தியாலத்துக்கு 60, 70 கை போகும், 400 கைக்கு ஆறு மணித்தியாலம் வேண்டும். போனில் பதினைந்து செக்கனுக்கு ஒரு கை தட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும்.

‘ஏழு தடவை தோற்றாயிற்று, எட்டாவதும் தோற்குமா?’ என்ற நினைப்புத்தான் இந்த முறைக்கு உயிர். மொண்டே கார்லோ கசினோவில் 1913 ஆகஸ்ட் 18 அன்று ரூலெட் சக்கரத்தில் கறுப்பு தொடர்ந்து 26 தடவை விழுந்தது. பத்துப் பதினைந்து கடந்ததும் சனம் ‘இனிச் சிவப்புத்தான்’ என்று இரட்டித்து இரட்டித்து வைத்துத் தள்ளியது. கசினோ அன்று பெரும் லாபம் பார்த்தது. பெரிய கணித மேதைகளுக்கும் இதில் சறுக்கல் உண்டு. பிரான்சின் தலாம்பேர், 1754 இல் கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய கட்டுரையில், நாணயத்தை இரண்டு தடவை சுண்டினால் ஒரு தடவையாவது தலை விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று வாதிட்டார். சரியான விடை நான்கில் மூன்று. தோற்றால் ஒரு அலகு கூட்டி, வென்றால் ஒரு அலகு குறைக்கும் பந்தய முறைக்கு இன்றைக்கும் அவருடைய பெயர்தான் இருக்கிறது. பொருத்தமான தண்டனை என்று நினைத்துக்கொள்வேன்.

இனி இரண்டாவது கேள்வி: வெல்லும்போது ஏற்றுவது. பரோலி என்பது வென்றதை அப்படியே அடுத்த கையில் வைப்பது, மூன்று வெற்றியோடு நிறுத்துவது. 1-3-2-6 என்பது தொடர்ந்து வெல்லும்போது அந்த விகிதத்தில் வைப்பது. இவற்றில் ஒரு நல்லது உண்டு, ஒரே இரவில் மொத்தக் காசும் காலியாகாது. ஆனால் நடப்பது முன்னதைக் கண்ணாடியில் பார்த்ததுதான்: அடிக்கடி சின்னத் தோல்வி, எப்போதாவது ஒரு பெரிய வெற்றி. நான்கு கை தொடர்ந்து வெல்வது ஏறக்குறைய இருபதுக்கு ஒரு தடவைதான் நடக்கும், அந்த ஒரு தடவையின் லாபம் மற்றப் பத்தொன்பதின் ஓட்டையை அடைக்கப் போதாது. ஃபிபொனாச்சி எண் வரிசையில் ஏற்றுவது, எண்களை எழுதி இரண்டு முனையிலும் வெட்டிக்கொண்டு போகும் லபூஷேர் முறை, ஒரு அலகு லாபத்துக்காக ஊர்ந்து போகும் ஆஸ்கார் முறை என்று இன்னும் பல உண்டு. தனித்தனியாக விளக்கப் போவதில்லை, ஒரே பதில் எல்லாவற்றுக்கும் போதும். ஒவ்வொரு பந்தயத்தின் எதிர்பார்ப்பும், அதாவது நீண்டகாலச் சராசரி முடிவும், அந்தப் பந்தயத்தின் நூற்றுக்கு அரை அளவு மைனஸ். பெரிய மைனஸ், சின்ன மைனஸ் என்று எந்த ஒழுங்கில் எழுதினாலும், கூட்டினால் வருவது மைனஸ்தான்.

‘பிளாக்ஜாக் நாணயம் மாதிரி இல்லையே, போன சீட்டு போனதுதானே, ஆகவே ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் தொடர்பு இருக்கத்தானே வேண்டும்’ என்று யாராவது மடக்கலாம். நல்ல கேள்வி, ஆடிப் பழகிய ஆட்கள் கேட்கிற கேள்வி. தொடர்பு இருக்கிறது. ஆனால் நீங்கள் வென்றீர்களா தோற்றீர்களா என்பது அந்தத் தொடர்பைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை. எந்தச் சீட்டுகள் போயின என்பதுதான் சொல்கிறது.

நம்மூரில் இதை விளக்க வேறெங்கும் போக வேண்டாம். செத்தவீட்டில் இரவு விழித்திருக்கும் சனம் 304 ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். 32 சீட்டு, நாலு பேர், ஆளுக்கு எட்டு. அதில் கெட்டிக்காரர் யார்? இதுவரை விழுந்த சீட்டு எல்லாவற்றையும் நினைவில் வைத்து, துருப்பு இன்னும் எத்தனை வெளியே கிடக்கிறது, ஜாக்கும் ஒன்பதும் யார் கையில் என்று கணித்து இறக்குகிறவர். ‘போன மூன்று ஆட்டமும் தோற்றோம், ஆகவே இந்த முறை கூடக் கேட்போம்’ என்று துணிந்து கேட்கிறவரை யாரும் கெட்டிக்காரர் என்று சொல்வதில்லை. எதிரே இருப்பவர்கள் சிரித்துக்கொண்டு கேட்க விடுவார்கள்.

பிளாக்ஜாக்கிலும் அந்த நினைவுக்குத்தான் மரியாதை. மிச்சமிருக்கும் சீட்டில் பத்தும் ஆசும் கூடுதலாக இருந்தால் ஆடுபவருக்கு நல்லது: ஒன்றரை மடங்கு அடிக்கடி வரும், டபுள் பலிக்கும், 16 வரை எடுத்தே ஆக வேண்டிய டீலர் அடிக்கடி தாண்டுவார். எட்வர்ட் தோர்ப் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் கணினியில் இதைக் கணக்கிட்டு 1962 இல் புத்தகமாகவே வெளியிட்டார். இன்று பரவலாக உள்ள முறையில் 2 முதல் 6 வரையான சீட்டு போனால் ஒன்று கூட்டுவார்கள், பத்து மதிப்புச் சீட்டோ ஆசோ போனால் ஒன்று கழிப்பார்கள், 7, 8, 9 க்கு ஒன்றுமில்லை. மிச்சமுள்ள கட்டுகளின் எண்ணிக்கையால் அதைப் பிரித்துப் பார்த்து, எண் நல்ல உயரத்தில் இருக்கும்போது மட்டும் பந்தயத்தை ஏற்றுவார்கள். கவனியுங்கள், அவர்களும் ஏற்றித்தான் கட்டுகிறார்கள். ஆனால் ஏற்றுவதற்குக் காரணம் முன்னாலுள்ள சீட்டு, பின்னால் போன தோல்வி அல்ல. அவ்வளவு பாடுபட்டும் கிடைக்கும் மேல்கை நூற்றுக்கு ஒன்று அளவில்தான், அதற்குப் பெரிய கைமுதலும் இரும்பு நெஞ்சும் வேண்டும்.

இந்த இரண்டு வகை ஆட்களையும் கசினோ எப்படி நடத்துகிறது என்பதை மேசைக்குப் பின்னால் நின்று பார்த்தவன் நான். மனதுக்குள் எண்ணுவது பிரித்தானியாவில் குற்றமில்லை. ஆனாலும் ஒருவர் எண்ணுகிறார் என்று சந்தேகம் வந்தால், மேற்பார்வையாளர் வந்து சீட்டை இடையிலேயே குலுக்கச் சொல்வார், கடைசியில் ‘ஐயா, பிளாக்ஜாக் மட்டும் வேண்டாம்’ என்று பணிவாகக் கதவைக் காட்டுவார். இரட்டித்து வைக்கிறவரை யாரும் தொட்டதில்லை. கதிரை இழுத்துப் போட்டு, சாப்பாடு வேண்டுமா, தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்பார்கள். சிலர் எண்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டே ஆடுவார்கள், அதற்குப் பேனையும் நாங்கள்தான் கொடுப்போம். தனக்கு ஆபத்தான முறை எது என்று கசினோவைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.

நீங்கள் போனில் ஆட நினைத்தால் எண்ணும் வழியும் அடைபட்டிருக்கும். மென்பொருளே சீட்டுப் போடும் ஆட்டங்களில் பொதுவாக ஒவ்வொரு கைக்கும் புதிதாகக் குலுக்கிவிடுவார்கள், நினைவில் வைத்திருக்க அங்கே ஒன்றுமில்லை. அதோடு, எந்த நாட்டு அனுமதியில் நடக்கிறது என்றே தெரியாத தளங்களில் காசு போடுவது லேசு, எடுப்பதுதான் பாடு. ‘போனஸ்’ என்று தருவதை எடுக்க வேண்டுமென்றால் இத்தனை மடங்கு ஆடி முடிக்க வேண்டும் என்று அடியில் சின்ன எழுத்தில் நிபந்தனை கிடக்கும். அந்த மடங்கு ஒவ்வொன்றும் மேலே சொன்ன கட்டணத்தை இன்னொரு தடவை கட்டுவது. கொழும்புக் கசினோவுக்கே போனாலும், இலங்கைக் குடிமக்களிடம் வாசலில் டொலர் கணக்கில் நுழைவு வரி வாங்குகிறார்கள். உட்காருவதற்கு முன்பே எத்தனை தொடர் வென்ற லாபம் அதற்குப் போகும் என்று கணக்குப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எப்போதாவது ஒரு நாள் ஆடுவீர்கள் என்றால், பந்தய முறையைத் தேடும் நேரத்தில் மேசையின் விதியை வாசியுங்கள், காசு மிஞ்சுவது அங்கேதான். பிளாக்ஜாக் கைக்கு 2 ரூபாவுக்கு 3 கொடுக்கிறார்களா (3:2), 5 ரூபாவுக்கு 6 கொடுக்கிறார்களா (6:5) என்று பாருங்கள். 500 ரூபாவுக்கு முதலாவதில் 750 கிடைக்கும், இரண்டாவதில் 600. ஏறக்குறைய 21 கைக்கு ஒரு தடவை பிளாக்ஜாக் வருவதால், இந்த ஒரு விதியே கசினோவின் மேல்கையை நூற்றுக்கு 1.4 அளவு கூட்டிவிடுகிறது. அதாவது நூற்றுக்கு அரையாக இருந்தது ஏறக்குறைய இரண்டாகிறது. ஆசோடு சேர்ந்து 17 வரும்போது டீலர் இன்னொன்று எடுப்பார் என்றிருந்தால் இன்னும் 0.2. டீலர் ஆசு காட்டும்போது ‘இன்சூரன்ஸ்’ வேண்டுமா என்று கேட்பார்கள், பாதுகாப்பு என்ற பெயரில் அது நூற்றுக்கு 7 க்கு மேல் விழுங்கும் தனிப் பந்தயம், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சோடிக்கு, மூன்று சீட்டுக்கு என்று பக்கத்தில் வட்டம் போட்டு வைத்திருக்கும் பந்தயங்களும் அப்படித்தான். பிறகு, ஒரே அளவாக வையுங்கள். வெல்ல வைக்காது, ஆனால் மலிவாக முடியும்.

நெல் விற்ற காசைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. இரட்டிப்பு முறையில் ஆபத்தான நேரம் எட்டாவது தோல்வி அல்ல, அதற்கு அடுத்த பத்து நிமிடம். ஏனென்றால் முறை அப்போதும் கதைத்துக்கொண்டுதான் இருக்கும்: ‘இன்னும் 128,000 வைத்தால் எல்லாம் திரும்பி வரும்’ என்று சொல்லும். அந்த நேரத்தில்தான் மனிசர் அடகுக் கடைக்கும் வட்டிக்காரருக்கும் போன் எடுக்கிறார்கள். நுண்கடன் கட்ட இன்னொரு கடன் எடுத்துப் பட்ட பாட்டை வன்னியில் யாருக்கும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. விதைநெல்லும் உரமும் உழவுக் கூலியும் எடுக்க வேண்டிய காசுக்கு, நூற்று எழுபத்துமூன்றில் ஒரு தடவை வரும் நாள் எப்போது வரும் என்று தேதி குறிக்க முடியாது.

கேள்வியின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: ‘ஒரு நாளைக்கு 5,000 வென்றதும் எழும்பிவிட்டால்?’ என்று. 5,000 என்பது பத்துத் தொடர். பத்துத் தொடருக்குள் அந்த எட்டுத் தோல்வி வந்துவிடும் வாய்ப்பு ஏறக்குறைய 18 இல் 1. இன்று எழும்பிப் போய் நாளைக்கு வந்தாலும் அதே 18 இல் 1, நாளையிண்டைக்கும் அதே. நீங்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்தது சீட்டுக்குத் தெரியாது. தினமும் ஒரு தடவை இப்படி ஆடினால் மூன்று கிழமைக்குள் விழுவதற்கான வாய்ப்பு விழாமல் தப்புவதற்கான வாய்ப்பைவிடக் கூட.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு சதமும் போடாமல் சோதிக்கலாம். ஆறு கட்டுச் சீட்டு வாங்கி ஒன்றாகக் கலந்து, ஒருவர் டீலராக இருந்து, 16 க்கு எடுத்து 17 க்கு நின்று, 400 கை ஆடுங்கள். நான்கில் மூன்று பங்கு சீட்டு முடிந்ததும் திரும்பக் குலுக்குங்கள். கொப்பியில் இரண்டு பத்தி எழுதுங்கள்: ஒன்றில் உங்கள் நண்பரின் முறைப்படி வைத்த பந்தயம், மற்றதில் ஒரே மாதிரி 500. வென்றது தோற்றதோடு நிறுத்தாமல், இரண்டு பத்தியிலும் மேசையில் வைத்த மொத்தக் காசையும் கூட்டி எழுதுங்கள். முதல் தடவை வென்றால் சந்தோசப்பட்டு மூடி வைக்காமல் இன்னொரு நாலு ஐந்து தடவை ஆடுங்கள். முடிந்தால் நண்பரையும் கூப்பிட்டு டீலராக இருக்க விடுங்கள்.